நல்ல பாடு

புன்னைத்துறையில் யாரும் யாரையும் ‘சௌக்கியமா’ என்று கேட்பதில்லை. ‘என்ன பாடு?’ என்றுதான் கேட்பார்கள். கடலில் என்ன கிடைத்தது என்று அர்த்தம். வலை நிறைய மீன் விழுந்தால் நல்ல பாடு. கல்யாண வீட்டில் பந்தி நிறைந்தாலும் நல்ல பாடுதான், பிள்ளை பரீட்சையில் தேறினாலும் நல்ல பாடுதான். மீன் கிடைக்காத நாளில் ‘கடல் உறங்குது’ என்று சொல்லிவிட்டு வலையைக் காயப்போடுவார்கள். ‘பாடு இல்லை’ என்று மட்டும் வாய் தவறியும் சொல்ல மாட்டார்கள். கடலுக்குக் காது கேட்கும், அப்படியே ஆக்கிவிடும் என்று ஒரு பயம்.

கடலுக்குக் காது கேட்குமோ கேட்காதோ, கிளிக்கு நன்றாகக் கேட்கும்.

கிளி என்பது உலக மேம்பாட்டு மன்றத்தின் மொழிக்கருவி. மன்றம் அதற்கு வைத்த பெயர் வாயில் நுழையாது. சட்டைக் காலரில் குத்திக்கொள்கிற பச்சைப் பொத்தான், கேட்டதைத் திருப்பிச் சொல்வது, ஆகவே கடற்கரைப் பக்கம் கிளி ஆகிவிட்டது. முன்பெல்லாம் உதவி கொடுக்கிற நாட்டுக்கும் வாங்குகிற ஊருக்கும் நடுவே மனிதர்கள் நின்று மொழிபெயர்த்தார்கள். அவர்களை விலைக்கு வாங்க முடிந்தது. பாலம் கேட்ட ஊருக்கு விருந்தினர் மாளிகை வந்து சேர்ந்தது. கடைசியில் மன்றம் கையை உதறிக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தது: இனி எந்த நாட்டிலும் கிளி வழியாக வராத பேச்சு பேச்சே கிடையாது.

கிளி யார் எந்த மொழியில் பேசினாலும் அதை முதலில் நடுமொழி என்ற ஒன்றுக்கு மாற்றும். நடுமொழியில் சொற்கள் குறைவு. துயர், தேவை, தடை, விழிப்புணர்வு, பயனாளி என்று அலுவலகத்தில் பழக்கப்பட்ட சொற்களாகப் பார்த்து எடுத்துப் போட்டிருந்தார்கள். உலகத்தில் யாருக்கு என்ன சொல்ல இருந்தாலும் இதற்குள் அடங்கிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. மக்கள் பேசப் பேச, அந்த ஊரின் துயர் அளவும் கணக்காகிக்கொண்டே போகும். மன்றத்தின் வரைபடத்தில் பச்சை என்றால் ஊர் நன்றாக இருக்கிறது. சிவப்பு என்றால் இல்லை.

பிரகாசி அந்த மன்றத்தின் சென்னை அலுவலகத்தில் சொல் பராமரிப்புப் பிரிவில் இருந்தாள். மொழியியல் படித்தவள், புன்னைத்துறைக்காரி. வரைபடத்தில் தன் ஊர் செக்கச்செவேலென்று எரிவதை ஒரு காலையில் பார்த்தபோது, ஊரில் ஏதோ படகு கவிழ்ந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். பதறிப்போய் அங்கிருந்து வந்த பேச்சைத் திறந்து படித்தாள்.

‘இன்று மிகுந்த துயர். மாதா புண்ணியத்தில் நேற்றும் மிகுந்த துயர். உங்கள் வீட்டிலும் துயர்தானே? மகிழ்ச்சி.’

விழுந்து விழுந்து சிரித்தாள். பக்கத்து மேசைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினாள், அவர்களும் சிரித்தார்கள். அடுத்த பக்கத்தைத் திறந்ததும் அவளுக்குச் சிரிப்பு நின்றுபோனது. அங்கே ‘மீட்பு’ என்று இருந்தது. மீட்பு என்றால் ஊரைக் கரையிலிருந்து கிளப்பி உள்நாட்டில் அடுக்குமாடி வீடுகளில் கொண்டுபோய் வைப்பது. அவள் அண்ணன் கஸ்பார் படகை எந்த மாடியில் கட்டுவான்?

பிரிவுத் தலைவர் வித்யாசங்கர் நல்ல மனிதர். யார் வந்து எதைச் சொன்னாலும் முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் மறுப்பார்.

“சார், பாடுன்னா எங்க ஊர்ல மீன் வரத்து. துன்பம் இல்ல.”

“படாத பாடு பட்டான்னு சொல்றோமே பிரகாசி. மெட்ராஸ்ல, மதுரையில, கோயமுத்தூர்ல எல்லாம் பாடுன்னா துன்பம்தானே? உங்க ஒரு கரைக்காகக் கிளி அகராதிய மாத்துமா?”

“மாத்தலாமே சார். நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும்.”

“எனக்கு அந்த உரிமை இல்லம்மா. ஒரு சொல்லோட அர்த்தத்தை மாத்தணும்னா அந்த ஊர்க்காரங்கதான் கேக்கணும். அதுதான் ஜனநாயகம்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “கிளி வழியா,” என்றார்.

அன்றைக்கே பிரகாசி அண்ணனைத் தொலைபேசியில் பிடித்தாள். கஸ்பார் தன் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைச் செருமி, கோயிலில் வாசகம் வாசிக்கிற குரலில் பேசினான்: “எங்களுக்கு ஒரு கொறையும் கெடையாது. நாங்க நல்லாத்தான் இருக்கோம். எங்கள இப்படியே விட்ருங்க.”

பிரகாசியின் திரையில் அது வந்து விழுந்தது. ‘பயனாளி தன் துயரை உணரவில்லை. விழிப்புணர்வுப் பயிற்சி பரிந்துரைக்கப்படுகிறது.’

பயிற்சியும் வந்தது. மீன் ஏலக்கூடத்தில் நாற்காலி போட்டு, தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்து, பின்தங்கியிருப்பது என்றால் என்ன என்று வண்ணப்படம் வைத்து விளக்கினார்கள். அன்றைக்குப் பேசும்போது கஸ்பாரின் குரலே மாறியிருந்தது.

“ஏ பிள்ள, நம்ம அப்பாவும் பின்தங்கினவருதானாம். இத்தன வருசம் தெரியாமப் போச்சு பாரு.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அந்தச் சொல் அவன் வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது பிரகாசிக்குத் தெரிந்தது. அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. பயிற்சி கொடுத்த பெண் நல்லவள், வித்யாசங்கர் நல்லவர், பிஸ்கட்டும் நன்றாகவே இருந்ததாகக் கஸ்பாரின் மனைவி, அவள் மதினி, சொன்னாள்.

மீட்புக்கு முன் மன்றத்திலிருந்து ஒருவர் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்பது விதி. ஓகெல்லோ என்று ஒருவரை அனுப்பினார்கள். ஆப்பிரிக்காவில் ஒரு பெரிய ஏரிக்கரையில் பிறந்தவர், உயரமானவர், மெதுவாகப் பேசுகிறவர். பிரகாசி அவருக்குத் துணையாக ஊருக்குப் போனாள்.

அன்று பார்த்துக் கடல் வாரிக் கொடுத்திருந்தது. படகுகள் கரைக்கு வந்துகொண்டிருந்தன. கஸ்பார் ஒரு முழுச் சீலா மீனைத் தூக்கி விருந்தாளி கையில் கொடுத்து, “நல்ல பாடுய்யா, நல்ல பாடு!” என்றான். சுற்றி நின்ற பெண்களும் பல் தெரியச் சிரித்துக்கொண்டு, “நல்ல பாடு! நல்ல பாடு!” என்றார்கள்.

ஓகெல்லோவின் காதில் கிளி என்ன சொன்னது என்பதை அவர் முகம் காட்டியது. மீனைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அவர் கண்கள் கலங்கின. அவருடைய பொத்தான் சுத்தமான எழுத்துத் தமிழில் பேசியது: “இவ்வளவு துயரிலும் உங்களால் எவ்வாறு சிரிக்க முடிகிறது?”

“இவரு என்னட்டி கேக்காரு?” என்றான் கஸ்பார்.

பிரகாசி தன் பொத்தானைக் கழற்றிப் பையில் போட்டாள். அவருடையதையும் கழற்றச் சொன்னாள். விதிக்கு விரோதம்தான். ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னாள். கேட்டு முடித்ததும் ஓகெல்லோ சிரித்தார். மீன் நழுவுகிற அளவுக்குச் சிரித்தார். மதினி ஓடிவந்து மீனை வாங்கிக்கொண்டாள்.

“நான் உங்களை நம்புகிறேன்,” என்றார் ஓகெல்லோ. “ஆனால் பொத்தான் இல்லாமல் நான் கேட்டது எதற்கும் மதிப்பில்லை. நான் சொல்வதும் அது வழியாகத்தான் போக வேண்டும்.”

“சொல்லிப் பாருங்களேன்.”

பொத்தானை மாட்டிக்கொண்டு அவர் தெளிவாகச் சொன்னார், இந்த மக்கள் துன்பத்தில் இல்லை, ஒரு சொல் தவறாகக் கேட்கப்படுகிறது என்று. பிரகாசியின் கைபேசியில் மன்றத்தின் குறிப்பு வந்தது. ‘மதிப்பீட்டாளர் களைப்பில் உள்ளார். ஓய்வு தேவை. மாற்று ஆள் அனுப்பப்படும். மறு மதிப்பீடு: அடுத்த மாதம்.’

இருவரும் அதைப் படித்துவிட்டுப் படகு நிழலில் உட்கார்ந்தார்கள். ஓகெல்லோ மறுபடி பொத்தானைக் கழற்றினார். “எங்கள் கரையிலும் இப்படி ஒரு சொல் இருந்தது. என்ன சொல் என்று எனக்கு இப்போது நினைவில்லை. எங்களை மீட்டபோது நான் சின்னப் பையன்,” என்றார். பிறகு மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தவர், போகிற போக்கில், “அதை எதிர்த்துப் பேச முடியாது, பிரகாசி. அதற்குக் கேட்கிறபடி வேண்டுமானால் பேசலாம்,” என்றார்.

அவர் போன பிறகும் அந்தப் பேச்சு அவளை விடவில்லை. அதற்குக் கேட்கிறபடி என்றால்? நல்ல பாடு என்றால் அது பெருந்துயர் என்று கேட்கிறது. அப்படியானால் பாடே இல்லை என்றால்?

ஏலக்கூடத்தில் ஊரைக் கூட்டித் தன் யோசனையைச் சொன்னாள். முதலில் கஸ்பார் எழுந்தான்.

“வாயத் தொறந்து பாடு இல்லன்னு சொல்லச் சொல்லுதியா? கடலப் பாத்து?”

“கடலப் பாத்து இல்லண்ணா. கிளியப் பாத்து. ஒரே ஒரு நாளு. புது ஆளு வருவாரு, என்ன பாடுன்னு கேப்போம், எல்லாரும் பாடே இல்லன்னு சொல்லணும். அவ்வளவுதான்.”

“அது கேட்டுட்டா?”

“எது?”

கஸ்பார் கூடத்துக்கு வெளியே கையைக் காட்டினான். படித்துப் பட்டம் வாங்கியவள்தான், இருந்தாலும் பிரகாசிக்கும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. மதினிதான் வழக்கைத் தீர்த்தாள். “நாம யாருகூடப் பேசுதோம்னு அதுக்குத் தெரியாதா? இத்தன காலம் நம்ம பேச்சக் கேட்டது, நடிப்புக்கும் நெசத்துக்கும் வித்தியாசம் தெரியாமயா இருக்கும்? சொல்லிட்டுப் போவோம். லாரி ஏறத விட இது மேலு.”

புது மதிப்பீட்டாளர் வந்த அன்று ஊரே வரிசையில் நின்றது. என்ன பாடு என்ற கேள்விக்கு ஒவ்வொருவராகப் பாடே இல்லை என்றார்கள். சின்னப் பிள்ளைகள் கூடச் சொன்னார்கள். கஸ்பார் தன் முறை வந்ததும் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, அடிக்குரலில், “பாடே இல்ல,” என்றான். உதட்டைத் துடைத்துக்கொண்டான்.

சென்னையில் பிரகாசியின் திரையில் ஊர் சிவப்பிலிருந்து மஞ்சளாகி, மாலைக்குள் பசேலென்று ஆனது. மீட்பு ரத்து என்று வந்தது. அவள் அலுவலகக் கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு அழுதாள். ஜெயித்துவிட்ட அழுகை.

மன்றத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சிவப்பிலிருந்து இவ்வளவு வேகமாகப் பச்சைக்கு வந்த ஊர் வேறு எங்கும் இல்லையாம். விழிப்புணர்வுப் பயிற்சியின் வெற்றி என்று அதற்குக் காரணம் கண்டுபிடித்தார்கள். ஊர் முகப்பில் ‘துயரற்ற ஊர்’ என்று பலகை நட்டார்கள். பிரகாசிக்குப் பதவி உயர்வு கொடுத்து, அவள் படத்தை அலுவலக வரவேற்பறையில் மாட்டினார்கள்.

அடுத்த வருடம் வடக்கே கொஞ்ச தூரத்தில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்று வந்தது. மன்றத்தின் உதவியில் கட்டியது. கெட்ட திட்டம் என்று அதைச் சொல்லிவிட முடியாது. நகரத்தில் வறண்டுகிடந்த குழாய்களில் தண்ணீர் வந்தது, அங்கே இருந்தவர்கள் மனசார நன்றி சொன்னார்கள், கிளியும் அதைப் பிழையில்லாமல் மொழிபெயர்த்தது. ஆலை துப்பிய சூடான உப்புக் கழிவு மட்டும் கடலோடு தெற்கே வந்து புன்னைத்துறைக்கு முன்னால் தங்கியது. மீன் கிளம்பிப் போய்விட்டது.

முதலில் ஊர்க்காரர்கள் வழக்கம்போலக் கடல் உறங்குது என்றார்கள். ‘கடல் அமைதி. சுற்றுச்சூழல் நன்று,’ என்றது கிளி. கடல் எழுந்திருக்கவே இல்லை. வீட்டுக்கு வீடு அடுப்பு ஒருவேளைக்கு இறங்கியது. அப்போதுதான் அவர்கள் வாழ்நாளில் முதல்முறையாக, நிஜமாகவே, மார்பில் அடித்துக்கொண்டு அந்தச் சொல்லைச் சொன்னார்கள். பாடு இல்லை. பாடே இல்லை.

வரைபடத்தில் புன்னைத்துறை முன்னைவிடப் பசுமையாக ஒளிர்ந்தது.

“உங்க ஊர் மாதிரி ஒரு ஊர் கிடையாதும்மா,” என்றார் வித்யாசங்கர், திரையைப் பார்த்தபடியே.

“சார், அங்க பட்டினி. எங்க மதினி கஞ்சி வச்சுக் குடிச்சிட்டு இருக்காங்க.”

“பசின்னு சொல்லச் சொல்லுங்க. அது எல்லா ஊர்லயும் பசிதானே?”

“சொல்லிட்டாங்க சார். பாருங்க.” திரையைத் திருப்பிக் காட்டினாள். துயரற்ற ஊரிலிருந்து வரும் பசிக்குக் கிளி வேறு அர்த்தம் வைத்திருந்தது. ‘நன்றாகப் பசி எடுக்கிறது. உடல்நலம் சீர்.’

வித்யாசங்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அந்தப் பலகைய எடுக்கச் சொல்லுங்க சார். பாடுங்கற சொல்லத் திருத்தச் சொல்லுங்க. நானே தலைகீழா சொல்லிக் கொடுத்தேன்னு எழுதித் தர்றேன். வேலை போனாப் போகட்டும்.”

“நீங்க சொன்னா, உங்களுக்குக் களைப்புன்னு வரும்,” என்றார் அவர். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அன்னிக்கு ஊரே ஒரு வாயா ஒரு சொல்லச் சொல்லிச்சில்ல? அதோட கிளி அந்தச் சொல்லக் கெட்டியாப் பிடிச்சுக்கிச்சு. உங்க கரையில அது வேற எதையும் எடை போடறதில்ல. பாடு உண்டுன்னா துயர் உண்டு, பாடு இல்லன்னா துயர் இல்ல. இப்ப அரிசி வேணும்னா அவங்க நல்ல பாடுன்னுதான் சொல்லணும்.”

“சொன்னா சிவப்பு வரும். சிவப்பு வந்தா மீட்பும் வரும்.”

“முதல்ல அரிசி வரும்,” என்றார் வித்யாசங்கர். அவருக்கும் அதற்கு மேல் தெரியவில்லை. அவரும் அந்தக் கூண்டுக்குள்தான் இருந்தார், நாற்காலி மட்டும் கொஞ்சம் பெரியது.

தொலைபேசியில் அண்ணனிடம் இதை எப்படிச் சொல்வதென்று பிரகாசிக்கு விளங்கவில்லை. சொன்னாள்.

“அப்ப பட்டினி கெடக்கணும், இல்லன்னா லாரி ஏறணும். அதான சொல்லுத?”

“ஆமாண்ணா.”

“ரெண்டுக்கும் நடுவுல ஒரு சொல்லு இருக்காதாட்டி? நீ படிச்சவல்லா.”

“இல்லண்ணா,” என்றாள். அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்குத்தான் இவ்வளவு படித்தோமா என்று இருந்தது.

மனசு கேட்காமல் அடுத்த வாரம் பஸ் ஏறி ஊருக்குப் போனாள். பொத்தானை அலுவலக இழுப்பறையிலேயே போட்டுவிட்டு வந்திருந்தாள். முகப்பில் துயரற்ற ஊர் பலகையின் இரண்டு கால்களும் மணலில் கிடந்தன, பலகையைக் காணவில்லை. ஏலக்கூடத்தில் அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்தன. அதற்கு அப்பால், சாலையோரம், வெள்ளை நிற லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. டிரைவர்கள் கைலியோடு நிழலில் படுத்திருந்தார்கள். மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும் வரை அவசரம் ஒன்றும் இல்லாத மாதிரி இருந்தது.

கஸ்பார் படகடியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மதினி. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு இருவரும் மெலிந்துபோயிருந்தார்கள். இரண்டு பேர் சட்டையிலும் பொத்தான் இல்லை. பிரகாசி பையை மணலில் இறக்கி வைத்தாள். என்ன கேட்பதென்று தெரியாமல், பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகியதையே கேட்டுவிட்டாள்.

“என்ன பாடுண்ணா?”

கஸ்பார் அவள் காலரைப் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் வரிசையில் நிற்கிறவன் மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டு, கொஞ்சம் சத்தமாக, “நல்ல பாடு,” என்றான்.

“நல்ல பாடும்மா,” என்றாள் மதினியும்.

பிரகாசி ஒரு கணம் ஏமாந்துதான் போனாள். மீன் திரும்ப வந்துவிட்டதா? குனிந்து படகுக்குள் பார்த்தாள். வலையில் கையை வைத்தாள். காய்ந்து முறுகிப்போய்க் கிடந்தது.

“அண்ணா, நான்தான். கிளி இல்ல. வெறும் நான்தான்.”

“தெரியும் பிள்ள,” என்றான் கஸ்பார். “வேற எப்படிச் சொல்ல?”

அவன் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பதை அப்போதுதான் அவள் கவனித்தாள்.